பார்ட்ஸ் மாற்றியபின் சைக்கிள் உடம்புக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

சைக்கிளில் ஒரு பாகத்தை மாற்றினால் அந்தப் பாகம் மட்டும் மாறுவதில்லை. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கம்பிக்கை) 5 மி.மீ. குட்டையானால் சீட் 5 மி.மீ. உயர்ந்துவிட்டது என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் அதற்கு நேர்மாறு, கால் கீழே போகும் தூரம் குறைந்ததால் சீட் தாழ்ந்ததுபோல் ஆகிவிடும். சரி என்று சீட்டை ஏற்றினால், ஹேண்டில்பார் அதே 5 மி.மீ. தாழ்ந்ததாகக் கழுத்து உணரும். வலிக்கும் இடத்தோடு கடைசியாக எந்தப் பாகத்தில் கை வைத்தோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிழை பிடிபடும்.

எதையும் திருகுவதற்கு முன்

பழைய அளவில் உடம்பு சும்மா இருந்ததல்லவா? முதல் வேலை அந்த அளவுகளை மீட்பது. நான்கு அளவு போதும்:

- பி.பி. (பாட்டம் பிராக்கெட், இரண்டு கிராங்கும் சேரும் அச்சு) ஆக்சிலின் நடுப்புள்ளியிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை, சீட் டியூப் சாய்வை ஒட்டி.
- பி.பி. நடுப்புள்ளிக்கு எவ்வளவு பின்னால் சீட் இருக்கிறது என்பது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, இல்லையென்றால் நூலில் கட்டிய நட்டு போதும்.
- சீட்டிலிருந்து கை பிடிக்கும் இடம் வரை.
- தரையிலிருந்து சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள உயர வித்தியாசம்.

சீட் அளவை மூக்கு நுனியிலிருந்து எடுக்காதீர்கள். பழைய சீட் 275 மி.மீ. நீளம், இப்போது பரவலாக வரும் குட்டை மூக்கு சீட் 245 மி.மீ. என்றால் நுனி அளவு ஏமாற்றும். சீட் எங்கே 80 மி.மீ. அகலத்தை எட்டுகிறதோ அங்கே இருபக்கமும் ஒரு சின்ன இன்சுலேஷன் டேப் ஒட்டி, எல்லா அளவையும் அந்த இடத்திலிருந்து எடுங்கள். பழையது, புதியது இரண்டுக்கும் இதே முறை.

கழற்றும்போது அளக்கவில்லையா? சைக்கிளே குறித்து வைத்திருக்கும். சீட் போஸ்ட்டில் பளபளப்பும் அழுக்கும் சந்திக்கும் வளையம்தான் பழைய உயரம். பழைய சீட்டின் கம்பிகளைத் திருப்பிப் பாருங்கள், கிளாம்ப் கடித்த தழும்பு இருக்கும். அந்தத் தழும்புக்கும் 80 மி.மீ. அகல இடத்துக்கும் உள்ள தூரம் பழைய முன்பின் கணக்கைச் சொல்லிவிடும். பழைய ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) அடியிலோ பக்கத்திலோ நீளமும் கோணமும் அச்சிட்டிருக்கும். பழைய பாகங்களை உடனே பழைய இரும்புக்குப் போடாமல் ஒரு மாதம் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரிசெய்யும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் பாதமும் பெடலும், பிறகு சீட் உயரம், பிறகு சீட்டின் முன்பின் நிலை, பிறகு சாய்வு, கடைசியில் ஹேண்டில்பார். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளுவது ஊரெங்கும் நடக்கும் வைத்தியம். கை பிழைக்கும், முட்டி போய்விடும்.

முட்டியின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலி

சீட் தாழ்ந்திருக்கிறது, அல்லது முன்னால் வந்திருக்கிறது. நீங்கள் சீட்டைத் தொடாமலே இது நடக்கும்.

புதிய சீட் பழையதைவிடத் தட்டையானதா என்று பாருங்கள். கம்பியிலிருந்து மேற்புறம் வரை உள்ள உயரம் சீட்டுக்குச் சீட் 10 மி.மீ. வரைகூட மாறும். ஜெல் சீட்டில் கையால் அழுத்தினால் தெரியாது, முழு எடையோடு உட்கார்ந்தால்தான் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரியும்.

சீட் போஸ்ட்டை மாற்றியிருந்தால் பின்தள்ளலைப் பாருங்கள். பல சீட் போஸ்ட்டுகளின் தலை 20 அல்லது 25 மி.மீ. பின்னால் வளைந்திருக்கும், நேர் போஸ்ட்டில் அது பூஜ்யம். அதே விட்டம்தானே என்று மாற்றிப் போட்டால் சீட் இரண்டு செ.மீ.க்கு மேல் முன்னால் வந்து நிற்கும். குட்டை மூக்கு சீட்டைப் பழைய சீட்டின் நுனிக்கு நேராக வைத்தாலும் இதே கதை. உட்காரும் அகலப் பகுதி சுமார் 3 செ.மீ. முன்னால் வந்துவிடும். 80 மி.மீ. குறிகள் ஒரே இடத்தில் வரும்வரை பின்னால் தள்ளுங்கள்; புதிய மூக்கு பழையதைவிட உள்ளே தள்ளி நிற்பதுதான் சரி.

கிராங்க்: 170 மி.மீ. இருந்த இடத்தில் 165 மி.மீ. போட்டால் சீட்டை 5 மி.மீ. ஏற்ற வேண்டும். ஏற்றியபின் பெடல் உச்சிக்கு வரும்போது முட்டிக்கு 10 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கும், குட்டை கிராங்கின் லாபமே அதுதான். ஏற்றாமல் விட்டால் அந்த லாபத்தில் பாதி போய், மிதி முழுக்க முட்டி கூடுதலாக மடிந்தே இருக்கும். மாறாக 170-லிருந்து 175-க்குப் போனவர்கள் சீட்டை 5 மி.மீ. இறக்க வேண்டியிருக்கும், அப்போது உச்சியில் முட்டி 10 மி.மீ. அதிகமாக நெருக்கப்படும். முன்முட்டி வலி அங்கிருந்து வந்தால் சீட்டை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் தீராது, பழைய நீளக் கிராங்குக்குத் திரும்புவதே வழி.

பெடல்: ஆக்சில் நடுவிலிருந்து பாதத்தின் அடி வரை உள்ள மொத்தத் தடிமனைக் கணக்கிடுங்கள், ஷூ சோலையும் சேர்த்து. தடிமன் கூடினால் பாதம் மேலே வரும், சீட்டை அதே அளவு ஏற்றுங்கள். குறைந்தால் இறக்குங்கள். தடித்த சோல் ஸ்போர்ட்ஸ் ஷூவோடு தட்டை பெடலில் ஓட்டியவர், கெட்டி சோல் சைக்கிள் ஷூவுக்கும் ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலுக்கும் மாறினால் பாதம் ஆக்சிலுக்கு நெருங்கிவிடும். அவருக்குச் சீட் இப்போது உயரமாக இருக்கும். வலி அப்போது முட்டிக்குப் பின்னால் வரும்.

சீட் உயரத்தைச் சரிபார்க்க எளிய சோதனை: வழக்கமான ஷூவோடு சுவரைப் பிடித்து உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கீழே வரும்போது முட்டி சரியாக நேராக வேண்டும், இடுப்பு ஒருபக்கம் சரியக்கூடாது. பிறகு பாதத்தின் முன்மேட்டை வைத்தால் முட்டி தானாக லேசாக மடிந்திருக்கும், அந்த மடிப்பு 25 முதல் 35 பாகைக்குள் இருப்பது பொது வழக்கம்.

ஒரு திருத்தத்துக்கு 3 மி.மீ., மிஞ்சினால் 5 மி.மீ. அதற்குமேல் ஒரே நாளில் நகர்த்தினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். இன்னொரு கணக்கு: சீட்டை 10 மி.மீ. பின்னால் தள்ளினால் பெடலிலிருந்து அதன் தூரம் சுமார் 3 மி.மீ. கூடிவிடும். ஆகவே அந்த 3 மி.மீ.யை உயரத்தில் இறக்குங்கள்.

முட்டிக்குப் பின்னால் இழுப்பு, மிதிக்கும்போது இடுப்பு ஆடுவது

சீட் அதிக உயரத்தில் இருக்கிறது, அல்லது மிகவும் பின்னால் இருக்கிறது. பின்னாலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொன்னால் இடுப்பு இடமும் வலமும் சாய்வது பட்டென்று தெரியும். பெடல் கீழே போகும்போது கால்விரல் நுனி தரையை நோக்கி நீள்வதும் இதன் அடையாளம்.

எதிர்பாராத குற்றவாளி ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை. பழைய கெட்டி ஃபோர்க்கை எடுத்துவிட்டு 20 மி.மீ. நீளமான சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டால் முழு ஃபிரேமும் ஏறக்குறைய ஒரு பாகை பின்னால் சாயும். 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் சீட் சுமார் 12 மி.மீ. பின்னால் போகும், மூக்கும் ஒரு பாகை தூக்கும், ஹேண்டில்பாரும் உயரும். ‘ஃபோர்க்தானே மாற்றினோம், சீட் ஏன் உறுத்துகிறது’ என்பதன் விடை இது. சீட்டை 10–12 மி.மீ. முன்னால் தள்ளி, சாய்வை மறுபடி ரசமட்டத்தில் பிடியுங்கள். ஆள் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும் என்பதால், எடையோடு அளந்து முடிவு செய்வது நல்லது.

ஒரு முட்டி மட்டும் வலிக்கிறது, மிதி நொண்டுகிறது

இடது கிராங்க் மரை போய் அதை மட்டும் மாற்றியிருந்தால், வேறெதையும் தொடுமுன் இரண்டு கிராங்கின் உட்புறத்தையும் துடைத்துப் பாருங்கள். பெடல் மரைக்குப் பக்கத்தில் 165, 170, 175 என்று நீளம் பொறித்திருக்கும். இடது 170, வலது 175 என்று ஓடுகிற சைக்கிள்கள் நிறைய. கடையில் கையில் கிடைத்ததைப் போடுவதன் பலன். இதை சீட் உயரத்தால் சரிசெய்யவே முடியாது. ஒரு காலுக்குச் சரியானால் மற்றதுக்குத் தவறும்.

நீளம் சமமாக இருந்தால் பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெடல் உடல் நடனமாடினால் அதன் ஆக்சில் வளைந்திருக்கிறது. பெடலோடு சேர்ந்து கிராங்க் முனையும் உள்ளே வெளியே போனால் கிராங்க் வளைந்திருக்கிறது. மரை கோணலாக ஏறியிருந்தாலும் பாதம் ஒருபக்கம் சாயும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இறுகும் என்பதை மறந்து வலுக்கட்டாயமாக ஏற்றியதில் வரும் கோணல் இது.

முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் பாதங்களுக்கிடையேயான அகலத்தைப் பாருங்கள். ரோடு சைக்கிள் கிராங்குகளில் இரு பெடல் முகப்புகளுக்கு இடையே வழக்கமாக 145–150 மி.மீ. இருக்கும், மூன்று பல்சக்கர எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) கிராங்குகளில் 170-ஐத் தாண்டும். ஒவ்வொரு பாதமும் ஒரு செ.மீ.க்கு மேல் வெளியே போகிறது. சிலருக்கு அது நல்லது, சிலருக்கு முட்டி உள்ளே மடங்கும்.

கிளீட் (கிளிப் பெடலில் பூட்டுவதற்காக ஷூ சோலில் திருகும் தகடு) புதிதாகப் போட்டவர்களுக்கு: பழைய கிளீட்டைக் கழற்றுமுன் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டிருந்தால் வேலை ஐந்து நிமிடம். இல்லையென்றால் சோலில் பதிந்த பல்தடத்தைப் பாருங்கள். ஷிமானோ ரோடு கிளீட்டில் நிறத்தையும் கவனியுங்கள். மஞ்சள் 6 பாகை அசைவு தரும், நீலம் 2, சிவப்பு அசையவே அசையாது. மஞ்சளில் பழகிய முட்டிக்கு ‘ரேஸ் மாதிரி’ என்று சிவப்பை மாட்டினால், பாதம் தனக்குப் பிடித்த கோணத்துக்குத் திரும்ப முடியாமல் முட்டி முறுக்கிக்கொள்ளும். சந்தேகமென்றால் மஞ்சள்.

கை மரத்துப்போகிறது

இதில் நேரே ஹேண்டில்பாரை மாற்றப் போகிறவர்கள்தான் அதிகம். முதலில் சீட்டைப் பாருங்கள். சீட் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கை இரண்டும் ஓயாமல் பின்னோக்கித் தள்ளும். ஓட்டும்போது ‘பின்னால் நகர்ந்து உட்காருவது’ சில நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தால் இதுதான் காரணம்.

சாய்வை அளக்க: சமதரையில் சைக்கிளை நிறுத்தி, இரு டயரிலும் சரியான காற்று அடித்து, சீட்டின் நீளவாக்கில் ஒரு தட்டைப் பலகையோ தடித்த புத்தகமோ வைத்து அதன்மேல் ரசமட்டம். போனின் கோணமானியும் போதும். தரை சமமா என்று தெரியாவிட்டால் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். பூஜ்யத்தில் ஆரம்பித்து, தேவையென்றால் மூக்கை ஒரு பாகை, அதிகம் போனால் இரண்டு பாகை இறக்கலாம்.

ஒற்றை போல்ட் கிளாம்பில் பல் பல்லாக வெட்டியிருப்பதால் இடைப்பட்ட கோணம் கிடைக்காது. ஒரு பல் நகர்ந்தால் இரண்டு மூன்று பாகை தாவும். இன்னொரு தொல்லையும் உண்டு: சரியாக இறுக்காமல் ஓட்டியிருந்தால் அந்தப் பற்களின் முனை மழுங்கி, வெள்ளி மாதிரி மின்னும். அப்படிப்பட்ட கிளாம்ப் எத்தனை இறுக்கினாலும் ஒரு பெரிய குழியில் மூக்கை இறக்கிவிடும், கிளாம்ப்பையே மாற்ற வேண்டும்.

சீட் சரி என்று உறுதியானபின் எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் உள்ளங்கையின் வெளிப்புற மேட்டில் எடை விழுகிறது, அங்கே ஓடும் அல்நார் நரம்பு நசுங்குகிறது. ஹேண்டில்பார் தாழ்ந்ததோ தூரம் போனதோ காரணம். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்திருக்கிறது; தட்டை ஹேண்டில்பாரில் பிரேக் லீவர் படுத்தவாக்கில் இருந்தால் இப்படி ஆகும். தோளிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரும்வரை லீவரை 30 முதல் 45 பாகை கீழே திருப்புங்கள். லீவர் எட்டவில்லையென்றால் லீவர் உடலில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு, அது பிடியை உள்ளே கொண்டுவரும். பிரேக் ஒயரைத் தளர்த்தி இதைச் செய்யப் பார்க்காதீர்கள்.

ஸ்டெம் கணக்கு: 73 பாகை ஹெட் டியூப் (ஃபோர்க் தண்டு நுழையும் ஃபிரேமின் முன்குழாய்) உள்ள சைக்கிளில் 100 மி.மீ., 6 பாகை ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் ஹேண்டில்பார் சுமார் 20 மி.மீ. உயரும், கூடவே 6 மி.மீ. கிட்டே வரும். காசில்லாத திருத்தம், முதலில் இதைச் செய்து பாருங்கள். ஸ்டெம்முக்குக் கீழே 10 மி.மீ. ஸ்பேசர் (வளையம்) சேர்த்தால் உயரம் கிட்டத்தட்ட அதே 10, தூரம் 3 மி.மீ. குறையும்.

ஹேண்டில்பாரையே மாற்றியிருந்தால் எண்கள் பெரிதாகும். 580 மி.மீ. அகலத்திலிருந்து 720-க்குப் போனால் கை விரிவதாலேயே எட்டும் தூரம் ஒன்றரை செ.மீ. கூடினதுபோல் ஆகும்; ஸ்டெம்மை 10–20 மி.மீ. குறையுங்கள். தட்டை ஹேண்டில்பாரிலிருந்து கீழே வளைந்த டிராப் ஹேண்டிலுக்கு மாறியவர்கள் நிலைமை இன்னும் கடினம். பாரின் முன்நீட்டம் 70–80 மி.மீ., அதற்கு முன்னால் லீவர் குமிழ் இன்னும் 3 செ.மீ. போல, ஆக 10 செ.மீ. தூரம் கூடுகிறது. 90 மி.மீ. ஸ்டெம்மை 50 ஆக்கினாலும் பாதிக்குமேல் மிச்சம். தட்டை ஹேண்டிலுக்கென்று வடிவமைத்த ஃபிரேமின் மேல்குழாய் நீளமே அதிகம் என்பதால் இந்த மாற்றம் பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். வி-பிரேக் இருந்தால் சாதாரண ரோடு லீவர் அதற்குத் தேவையான ஒயரை இழுக்காது என்பது தனிச் செலவு.

உட்காருமிடம் மரப்பு, உரசல்

முன்பக்கம் மரத்தால் மூக்கு தூக்கியிருக்கிறது, அல்லது சீட் அதிக உயரத்தில் இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் அகலம். அட்டைப்பெட்டியின் அலையட்டை ஒன்றைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, முன்னால் குனிந்து ஒரு நிமிடம் உட்காருங்கள்; இரண்டு எலும்புக் குழிகள் பதியும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 20–30 மி.மீ. கூட்டினால் சீட் அகலத்துக்கு ஆரம்ப எண் கிடைக்கும். ஒருபக்கம் மட்டும் உரசினால் கிராங்க் நீளமும் சீட் நேர்நோக்கும் சந்தேகத்துக்குரியவை.

ஜெல் கவரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். தவறான சீட்டை மறைப்பதோடு உயரத்தையும் ஒரு செ.மீ.க்கு மேல் கூட்டிவிடும், நடுப்பள்ளத்தையும் நிரப்பிவிடும்.

பிடரி, தோள், கீழ்முதுகு

சீட்டைச் சரிசெய்தபின்பும் இவை வலித்தால் ஹேண்டில்பார்தான் தூரம் அல்லது தாழ்வு. சீட்டை ஏற்றிய அளவுக்கு ஸ்பேசரால் ஹேண்டிலையும் ஏற்றினீர்களா? முழங்கை பூட்டிக்கொண்டால் தூரம் அதிகம். முதுகு கூன்போட்டு முட்டி வயிற்றில் இடித்தால் தூரம் குறைவு. குட்டை ஸ்டெம்மை மாட்டிவிட்டு அதுவும் போதாமல் சீட்டை முன்னால் தள்ளியவர்களிடம் இதைப் பார்க்கலாம்.

ஸ்பேசர் மாற்றும்போது வரிசை தவறக்கூடாது. முதலில் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிறகு மேல்மூடி. திரும்ப மாட்டும்போது ஃபோர்க் தண்டின் உச்சி, ஸ்டெம் அல்லது மேல் ஸ்பேசரின் விளிம்புக்கு 2–3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். சமமாக நின்றால் மூடி தண்டில் முட்டிக்கொண்டு ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்குகள்) இறுகாது. மூடி வெறும் ஆட்டம் போக்கத்தான். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்செட் இணைப்பில் விரல் வைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றதும் ஸ்டெம்மை நேராக்கி, பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். வழக்கமாக 5–6 நியூட்டன் மீட்டர், பாகத்தில் அச்சிட்ட எண் வேறென்றால் அதுவே சட்டம். ஃபோர்க் தண்டுக்குள் நுழையும் பழைய மாடல் ஸ்டெம்மில் உள்ளே போகவேண்டிய குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியக்கூடாது. உயரம் போதவில்லையென்றால் நீளமான ஸ்டெம் வாங்குங்கள்.

பாதம் எரிகிறது, திருப்பத்தில் ஷூ முன்சக்கரத்தில் இடிக்கிறது

எரிச்சலுக்குக் கிளீட்டை 3–5 மி.மீ. பின்னால் நகர்த்துங்கள். அப்படி நகர்த்தினால் ஷூ நுனி அதே அளவு முன்னால் வரும். கூடவே அகல டயர், மட்கார்டு, நீள கிராங்க் ஏதாவது சேர்ந்திருந்தால் மெதுவான திருப்பத்தில் இடிக்க ஆரம்பிக்கும். நின்றபடி, பெடலை முன்னால் நேராக வைத்து, ஹேண்டிலைத் திருப்பி இடைவெளி பாருங்கள். லேசாகத் தொட்டால் பழகிக்கொள்ளலாம். மட்கார்டு கம்பியில் மாட்டினால் கூடாது.

முதலில் சரியாக இருந்தது, இரண்டு வாரத்தில் கெட்டது

சீட் போஸ்ட் இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு மி.மீ. இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரியும். ஃபிரேமின் வாய்க்கு மேலே இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டுங்கள். டேப் சுருங்கி மடிந்தால் திருடன் அகப்பட்டான். 27.2 மி.மீ. விட்டம் கேட்கும் ஃபிரேமில் 27.0 போஸ்ட் போட்டிருப்பது வழக்கமான காரணம். விட்டம் போஸ்ட்டின் அடியில் அச்சிட்டிருக்கும். உலோகப் போஸ்ட்டை வெளியே எடுத்து, போஸ்ட்டையும் குழாயின் உள்ளையும் துடைத்து, மெல்லிய கிரீஸ் மட்டும் தடவுங்கள். கார்பன் என்றால் கிரீஸ் கூடவே கூடாது, மணல்துகள் கலந்த கார்பன் பேஸ்ட். சீட் கிளாம்பின் பிளவும் ஃபிரேமின் பிளவும் ஒரே திசையில் நிற்கட்டும். சோடா கேன் தகட்டை வெட்டிச் சொருகுவது சாலையோர அவசரத்துக்குச் சரி. வீடு வந்ததும் சரியான விட்டப் போஸ்ட்டை வாங்கிப் போடுங்கள்.

பழைய அளவுகள் எல்லாம் திரும்பி வந்து, எதுவும் நழுவவில்லை என்று உறுதியான பிறகும் முட்டி வீங்கினாலோ, சைக்கிளை விட்டு இறங்கி மணிக்கணக்கில் விரல் மரப்பு விலகாவிட்டாலோ ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எழுதி வைத்த நான்கு அளவுகளையும் மாற்றிய பாகங்களின் பட்டியலையும் கையோடு கொண்டுபோனால் அவருக்கும் கேள்வி குறையும்.